பண்ணையாருக்குப் பத்தியம்

வைரக்கண்ணு நாய் வளர்க்க ஆசைப்பட்டவர் அல்ல. அறுபத்தொரு வயதுக்குள் அவர் வளர்த்தவை மூன்று ஜோடி உழவு மாடு, இரண்டு பசு, ஒரு மகள். மகள் எழில்மொழி படித்து முடித்து பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாள். அங்கே ஒரு புல்டாக் குட்டியை வாங்கினாள். இரண்டு வருடம் கழித்துக் கம்பெனி அவளை ஜெர்மனிக்கு அனுப்பியதும், நாயை ஏசி போட்ட காரில் ஏற்றி, குடவாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினாள்.

அவள் வைத்த பெயர் ஆஸ்கர். தெருவில் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. தொங்கும் கன்னம், முன்னால் தள்ளிய கீழ்த்தாடை, யாரைப் பார்த்தாலும் குறை கண்டுபிடிக்கும் கண். முதல் நாளே வைரக்கண்ணுவின் மைத்துனர் நெடுமாறன் சொல்லிவிட்டார்.

“அப்படியே நம்ம பழைய பண்ணையாரு மொகம் மச்சான். ஒங்க அப்பா அவருக்கு ஊழியம் பாத்தாரு. இப்ப நீ பாரு.”

வைரக்கண்ணு கோபித்துக்கொள்ளவில்லை. “அந்தப் பண்ணையாரு எங்கப்பாவ வாசல்ல நிக்க வச்சாரு. இந்தப் பண்ணையாரு என் வாசல்ல படுத்துக் கெடக்குறாரு. வித்தியாசம் இருக்குல்ல?” என்றார். அன்றிலிருந்து அது பண்ணையார்தான்.

நான் முப்பத்தாறு வருடம் கிராம சுகாதார நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிறேன். நாய் விஷயம் எனக்கும் தெரியாது. ஆனால் ஒருவர் கையைப் பார்த்தால் அது நோயாளியைத் தொட லாயக்கான கையா இல்லையா என்று சொல்லிவிடுவேன். வைரக்கண்ணுவின் கை லாயக்கானது. அந்த ஜாதி நாய்க்கு முகத்து மடிப்புகளைத் தினமும் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண்ணாகும். எழில்மொழி போனில் ஒரே ஒரு தடவை சொன்னாள். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தில் நாற்றுப் பிடுங்கி மரத்துப்போன விரலால், அவர் தினமும் காலையில் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துத் துடைத்தார். பசுவின் மடியைக் கழுவியவர்களுக்கு அந்தப் பக்குவம் வந்துவிடும்.

முகத்தைப் பார்த்தாரே தவிர வாலைப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு வாலும் இல்லை. இந்த நாய்களில் சிலவற்றுக்கு வால் வெளியே நீளாமல் திருகாணி போல உள்ளே முறுக்கி வளரும். அடியில் குழி விழுந்து, ஈரமும் அழுக்கும் சேர்ந்து சீழ் பிடிக்கும். பண்ணையாருக்கு ஆவணியில் அப்படித்தான் ஆனது. இரண்டு முறை மருந்து கொடுத்தும் ஆறவில்லை. தஞ்சாவூரில் நாய் பூனைக்கென்று மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டர் சுடர்விழி, வாலையே அடியோடு எடுத்துவிட்டுத் தைக்க வேண்டும் என்றார்.

நானும் கூடப் போனேன். எழில்மொழி போனில் அழுதுகொண்டே கேட்டாள், அதனால் போனேன். அறுவை சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. மயக்கம் தெளிவதுதான் பெரும்பாடாகிவிட்டது. அந்த ஜாதிக்கு மூக்கும் தொண்டையும் குறுகல். தொண்டைக்குள் விட்டிருந்த குழாயை எடுத்ததும் மூச்சு திணறி நாக்கு நீலம் பாரித்தது. நாற்பது நிமிடம் டாக்டர் அதன் தலைமாட்டை விட்டு நகரவில்லை.

பிறகு வெளியே வந்து வைரக்கண்ணுவிடம் நேராகச் சொன்னார்: “ஐயா, பொழைச்சிட்டான். ஆனா இன்னொரு தடவை இவனுக்கு மயக்கம் குடுக்க நான் துணிய மாட்டேன். பதினாலு நாள் இந்தத் தையல் பிரியாம இருக்கணும். பிரிஞ்சா மறுபடி தைக்கணும். தைக்கணும்னா மயக்கம் குடுத்தாகணும்.”

“பிரியாதும்மா,” என்றார் வைரக்கண்ணு. பதினோரு தையல். மூன்று தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அவர் செய்ததை நான் குறை சொல்ல முடியாது. நாய் தையலைக் கடிக்காமலிருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு. “கல்யாண வீட்டு ஸ்பீக்கரக் கொண்டாந்து மாட்டி வச்சிருக்கியே மச்சான், பாட்டு எப்பப் போடுவ?” என்றார் நெடுமாறன். புரட்டாசி, குறுவை அறுவடை நேரம், ஈ மொய்க்கும். கொசுவலையைத் தரையோடு கட்டி அதற்குள் நாயைப் படுக்க வைத்தார். துவைத்துக் காய வைத்த பழைய வேட்டிகளைக் கிழித்துத் தினமும் விரிப்பை மாற்றினார். முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவாமல் வலைக்குள் கை விடமாட்டார். மாத்திரையை இட்லிக்குள் மறைத்துக் கொடுத்தார். காயத்தில் மஞ்சள், வேப்பெண்ணெய், சுண்ணாம்பு எதையும் தடவவில்லை. தெருவில் ஏழு பேர் தடவச் சொன்னார்கள். “டாக்டரு சொல்லல,” என்று ஏழு பேரையும் அனுப்பிவிட்டார்.

மூன்று நாள் நான் காலையும் மாலையும் போய்த் தையலைப் பார்த்தேன். சுத்தமாக, உலர்ந்து இருந்தது. நாய் மூச்சிரைத்துக்கொண்டே இருந்தது. புழுக்கத்தில் அப்படித்தான் இரைக்கும் என்று விட்டுவிட்டேன். அது என் பிழை. தையலை மட்டும் பார்க்கும் நர்ஸ் பாதி நர்ஸ்தான்.

நாலாம் நாள் காலை இரண்டு தையல் விட்டுப்போய், ஓரத்தில் வெளிர் சிவப்பாக நீர் கசிந்தது.

“என்ன தம்பி இது? எங்கயாவது இடிச்சுக்கிச்சா?”

“இல்லக்கா. விடியக்காலயில வெளிக்கிப் போக முக்குனாரு. ரொம்ப நேரம் முக்குனாரு. வரல. வலியில ஒரு கத்து கத்திட்டு வந்து படுத்துட்டாரு.”

“எத்தன நாளாப் போகல?”

அவர் விரல் விட்டு எண்ணினார். “ஆபரேஷன் முடிஞ்சு வந்ததுலேருந்தே போகலக்கா.”

நான் கூம்பைத் தூக்கி ஈறைத் தொட்டுப் பார்த்தேன். ஒட்டியது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டேன். கிள்ளின இடத்தில் மடிப்பு அப்படியே நின்றது. சுற்றிலும் பார்த்தேன். வலைக்குள் தண்ணீர்க் கிண்ணம் இல்லை. சோற்றுத் தட்டு மட்டும் இருந்தது. அதில் வெறும் சோறும் சுட்ட கருவாடும்.

“தண்ணி எங்க?”

“குடுக்குறேனே. காலயில ஒரு கை, மத்தியானம் ஒரு கை, சாயங்காலம் ஒரு கை.”

“ஒரு கைன்னா?”

உள்ளங்கையைக் குழித்துக் காட்டினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. முப்பத்தாறு வருடம் இந்த டெல்டாவில் வீடு வீடாகப் போய் நான் சண்டை போட்டது இந்த ஒன்றோடுதான். தையல் போட்ட உடம்புக்குத் தண்ணீர் கொடுத்தால் தையல் நீர் கோத்துச் சீழ் பிடிக்கும் என்பார்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சுட்ட கருவாடும் பூண்டும் போட்டுப் பத்தியச் சோறு கொடுத்து, தண்ணீரை மட்டும் அளந்து கொடுப்பார்கள். படித்த வீடு, படிக்காத வீடு என்ற பேதமே இல்லை. தண்ணீர் வைக்க வேண்டும் என்று டாக்டர் சீட்டில் எழுதவில்லை. எந்த டாக்டரும் அதை எழுதத் தேவையிருக்கும் என்று நினைக்க மாட்டார்.

“பத்தியமா வச்சிருக்க நாய?”

“தையல் போட்ட ஒடம்புக்கா.”

“ஒன் தலை! தண்ணியில்லாம உள்ள எல்லாம் கல்லாப் போயிருக்கு. அந்தக் கல்லத் தள்ளத்தான் முக்குது. முக்குனதுல தையல் இழுத்துருக்கு. இன்னும் ரெண்டு தடவ முக்குனா மிச்சமும் விடும். அப்புறம் தஞ்சாவூருதான், மயக்க ஊசிதான்.”

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு சட்டி நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். நாய் ஓடி வந்து கூம்போடு சட்டியில் மோதியது. நான் சட்டியைப் பிடித்துக்கொண்டேன். வாடின உடம்புக்கு ஒரேயடியாகக் கொட்டக் கூடாது, வாந்தி எடுக்கும். டாக்டரைப் போனில் பிடித்தேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர், மலம் இளக்கும் சிரப், வேகவைத்து மசித்த பரங்கிக்காய், கருவாடு கூடவே கூடாது என்றார். வாந்தி எடுத்தால் உடனே தூக்கி வர வேண்டும். இளக்கமாகப் போய்விட்டால் ஒன்பது தையலே தாங்கும்.

வைரக்கண்ணு வலைக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளர் ஊற்றுவார், நாய் நக்கி முடிக்கும்வரை பார்ப்பார், சட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். ஐந்தாவது டம்ளருக்குப் பிறகு என்னைப் பார்க்காமலேயே பேசினார்.

“எழிலு பொறந்தப்ப பொன்னுத்தாயிக்கு வயித்துல தையலு. அவுங்க அம்மா உசிரோட இல்ல. நான்தான் பத்தியம் பொங்கிப் போட்டேன். ஒங்களுக்குத் தெரியும்.”

“தெரியும். நல்லாத் தண்ணி குடுன்னு சொல்லிட்டுப் போனேன். நீயும் தலையத் தலைய ஆட்டுன.”

“நீங்க தெருமுனை திரும்பறவரைக்கும்தான் ஆட்டுனேன். அப்புறம் அளந்துதான் குடுத்தேன். கெஞ்சுனாக்கா அவ. ஒரு வாயி, ஒரே ஒரு வாயின்னு. பானையத் தூக்கி பரண்மேல வச்சேன். தையலு பிரிஞ்சு செத்துடுவாளோன்னு பயம். அவ அழுவுறா, நான் பானைக்குக் காவலு நிக்கிறேன்.”

அவர் மனைவி பொன்னுத்தாய் இறந்து நாலு வருடம் ஆகிறது. மாரடைப்பு. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதனால் அதைச் சொல்லி நேரத்தை வீணாக்கவில்லை.

“பத்து நிமிஷம் ஆயிடுச்சு. ஊத்து,” என்றேன்.

ஊற்றினார்.

மறுநாள் காலை நான் போனபோது நாயின் ஈறு ஈரமாக இருந்தது. மூத்திரம் நிறையப் போயிருந்தது. வாந்தி இல்லை. மற்றது மட்டும் இன்னும் போகவில்லை. வயிறு இளகியிருந்தாலும் அதற்குப் பயம். குந்தும், வலி நினைவு வந்ததும் எழுந்து ஓடும். பிரசவ வார்டில் இதை நூறு பெண்களிடம் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதையே வைரக்கண்ணுவுக்கும் சொன்னேன்: சுத்தமான துணியை நாலாக மடித்து, தையலின் இரு பக்கமும் உள்ளங்கையால் அணைத்துத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அழுத்தக் கூடாது, தாங்க வேண்டும். தாங்கல் இருக்கிறது என்று தெரிந்தால் உடம்பு தைரியமாக விட்டுக்கொடுக்கும்.

வாய்க்கால் கரைக்கு நடத்திக்கொண்டு போனோம். பண்ணையார் கூம்போடு முன்னால், பின்னால் கயிற்றைப் பிடித்தபடி நான், அதற்கும் பின்னால் மடித்த துணியோடு அவர். அதே நேரம் பார்த்து நெடுமாறன் பைக்கில் வந்து நின்றார்.

“மச்சான், அறுவடை மெஷினு வந்து ஒன் வயக்காட்டுல நிக்குது. ஒன் முறை. நீ இங்க என்ன பண்ற?”

“நீயே நின்னு அறுத்துக்க.”

“ஆறு மா வெளஞ்சு நிக்குது, சாயங்காலம் மழையிங்கிறான். நீ நாய் பின்னாடி துணியப் புடிச்சுக்கிட்டு நடக்குற!”

“பண்ணையாரு வெளிக்கி வந்துருக்காரு. சத்தம் போடாத. வண்டிய அணை.”

நெடுமாறன் என்னைப் பார்த்தார். நானும் அணைக்கச் சொன்னேன். அணைத்தார்.

அருகம்புல் அடர்ந்த இடத்தில் நாய் சுற்றிச் சுற்றி வந்தது. குந்தியது. எழுந்தது. மறுபடி குந்தியது. வைரக்கண்ணு சேற்றில் முழங்காலிட்டு இரண்டு கையாலும் துணியை வைத்துத் தாங்கினார். நாய் திரும்பிப் பார்த்தது. கூம்புக்குள்ளிருந்து அந்த முகம் அப்போதும் குறைதான் சொன்னது.

“நான் இருக்கேன்யா. நான் புடிச்சிருக்கேன். அவசரமில்ல,” என்றார் மெதுவாக. “வலிச்சா விட்ரு. அப்புறமாப் பாப்போம்.”

நாய் எழுந்து ஓடவில்லை. உடம்பு ஒரு தடவை நடுங்கியது. பிறகு போயிற்று. முதலில் கட்டியாகக் கொஞ்சம், பின்னால் இளக்கமாக, பரங்கிக்காய் நிறத்தில்.

நான் குனிந்து பார்த்தேன். இரத்தம் இல்லை. ஒன்பதும் இருந்த இடத்தில் இருந்தன.

“தாங்கிடுச்சு தம்பி.”

“அடப் போங்கய்யா,” என்றார் நெடுமாறன். “இதுக்கா மெஷின நிறுத்தி வச்சிருக்கேன்!” ஆனால் அவர் முகம் சிரித்தது. வண்டியைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய், அப்புறம்தான் கிளப்பினார்.

வைரக்கண்ணு எழுந்திருக்கவில்லை. கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாய் வந்து அவர் தொடையில் சாய்ந்தது. கூம்பின் விளிம்பு அவர் தாடையில் குத்தியது. அவர் அதைத் தள்ளவில்லை.

“அக்கா, பொன்னுத்தாயி அப்ப எத்தனாம் நாளு போனா? ஒங்க நோட்டுல எழுதுவீங்கல்ல. ஞாபகம் இருக்கா?”

ஆறாம் நாள். நான்தான் போய் எனிமா கொடுத்தேன். கதவுக்கு வெளியே நின்றிருந்த அவருக்கு, உள்ளே அவள் பட்டது தெரியாது.

“இருபத்தொம்பது வருஷத்து நோட்டு. எங்க ஞாபகம் இருக்கும்? மறுநாளே போயிருப்பா. எந்திரி, கையக் கழுவு. சோப்பு போட்டுக் கழுவு.”

எழுந்து போய்க் கழுவினார்.

சாயங்காலம் மழை வருவதற்குள் ஆறு மாவையும் நெடுமாறன் அறுத்துக் கொட்டிவிட்டார். பதினாலாம் நாள் தஞ்சாவூரில் டாக்டர் சுடர்விழி மயக்கம் எதுவும் கொடுக்காமலேயே ஒன்பது தையலையும் பிரித்தார். வைரக்கண்ணு அதன் தலையைக் கையில் ஏந்திக்கொண்டிருந்தார். நாலாவது தையலை எடுக்கும்போதே பண்ணையார் குறட்டை விட ஆரம்பித்துவிட்டது.

“நல்லா ஆறிடுச்சு,” என்றார் டாக்டர். “நாளையிலேருந்து குளிக்கலாம்.”

“யாரும்மா, அவரா நானா?” என்று கேட்டார் வைரக்கண்ணு.

டாக்டர் அவர் பக்கம் கொஞ்சம் குனிந்து மோந்து பார்த்தார்.

“ரெண்டு பேரும்,” என்றார்.