கோயில்பிள்ளை நின்ற இடம்

வடக்கே, துறைமுகத்தை ஒட்டிய கார்டன் ரீச்சில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்கு மணியடித்துக் கதவு திறக்கும் கோயில்பிள்ளையாக இருந்தவர் தூத்துக்குடிக்காரர். ஒல்லி உடம்பு, கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. ஞாயிறு மாலைப் பூசைக்கு முன் தமிழ் ஜெபமாலையை அவர்தான் முன்னின்று சொல்வார். பரலோக மந்திரத்தில், கடவுள் விருப்பப்படியே நடக்கட்டும் என்று சொல்லும் ‘உமது திருவுளம்’ என்ற இடம் வந்ததும் நிறுத்திவிடுவார். சில நாள் ஒரு மூச்சு நேரம். சில நாள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

புதிதாக வந்த பங்குச்சாமியார் தமிழ் ஜெபமாலையை நிறுத்தச் சொன்னார். ஆங்கிலம் போதுமாம். பாலிகஞ்சிலிருந்து இரண்டு பஸ் மாறி அதற்காகவே வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பேராயருக்கு மனு எழுதி, கோயில்பிள்ளையிடம் முதல் கையெழுத்துக் கேட்டேன். அவர் போடவில்லை. அடுத்த ஞாயிறே ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். ஆனால் அந்த இடத்தில் நின்றது நின்றதுதான். பூசை உடுப்பு மாட்டிக்கொண்டிருந்த சாமியாரே சக்ரீஸ்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

பூசை முடிந்ததும் வாசலில் மடக்கினேன். “உங்களுக்குக் கோபமே வராதா அண்ணாச்சி?”

“வராம இருக்குமா? மூணு தடவ போயி, இது தப்பு சாமின்னு சொல்லிட்டேன். அவரு கேக்கல.”

“அப்புறம் எப்படி அந்த மந்திரம் வாயில வருது?”

“எங்க வருது? அதாம்லா நிக்கேன். மனசு ஒத்துக்கிடாம சொன்னா ஆண்டவருட்ட பொய் சொன்ன மாதிரி ஆயிரும். ஒத்துக்கிடுத வரைக்கும் நிப்பேன்.”

மனுவை நான் அனுப்பிவிட்டேன். சாமியார் செய்தது தப்புதான், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் ஜெபத்தில் அந்தத் ‘திருவுளம்’ வரியை மட்டும் நான் இன்னும் நிற்காமல் ஓடித்தான் கடக்கிறேன்.