சீன அக்காவுக்கு வந்த பார்சல்

என் அலுமாரியில் ஒரு சிவப்புக் குளிர் ஜக்கெற் தொங்குகிறது. மகள் ஒவ்வொரு வருடமும் அதை எறியச் சொல்வாள். நான் ஒவ்வொரு வருடமும் அவளோடு சண்டை பிடிப்பேன். அதைத் தைத்தவளை நான் கண்டதில்லை. அவளுக்குத் தையல் படிப்பித்தவரின் பக்கத்தில் மூன்று வருடம் இருந்திருக்கிறேன்.

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு ரொறன்ரோவுக்கு வந்த எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஸ்படைனா தெருவில் ஒரு தையல் பக்டரியில். ஜன்னலோரம் சீனப் பெண்கள், கடைசி வரிசையில் நாங்கள் நாலைந்து யாழ்ப்பாணத்தார். எல்லோருக்கும் சுப்பவைசர் சீன அக்கா. நாற்பது வயதிருக்கும், வாய் காரம். அவருடைய இங்கிலீசும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. ஆனாலும் சாப்பாட்டு வேளையில் நாங்கள் பேசாத விஷயமில்லை. அவர் சொன்னதை இங்கே என் தமிழில்தான் எழுத முடியும்.

அக்காவின் உயிரெல்லாம் சீனாவில் ஊரிலிருந்த தங்கச்சி மேல். தாய் தகப்பனை இழந்த அவளைக் கனடாவுக்குக் கூப்பிடப் பத்திரம் போட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தார். வந்திறங்கிய மறுநாளே அவள் எங்கள் பக்டரியில் உட்கார வேண்டும். அதற்காகக் கடிதத்திலேயே தையல் படிப்பித்தார். தோளோடு கை சேரும் கைக்குழியில் சுருக்கம் விழாமல் கையைப் பொருத்துவது எப்படி என்று படம் கீறி, வெட்டுத்துண்டில் தைத்துக் காட்டி, உறைக்குள் வைத்து அனுப்புவார். "அவள் வந்தால் உனக்கு வேலையில்லை, பார்" என்று என்னைச் சீண்டுவார்.

பதில் கடிதங்களில் அந்த ஊர் மாறிக்கொண்டே வந்தது. துணிக்குக்கூடக் கூப்பன் வேண்டும் என்று எழுதியவள், பொது வயலை வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதினாள். பிறகு ஹொங்கொங்குக்குப் பக்கத்தில் புதிதாக எழும்பும் பட்டணத்தில், ஓர் அறையில் எட்டுப் பெண்களோடு இருந்து பக்டரிக்குப் போகிறேன் என்றாள். ஒரு படத்தில் தலைமயிரைச் சுருட்டி, கையில் மணிக்கூடு கட்டி நின்றாள். அக்கா அதை ஒவ்வொரு மெஷினுக்கும் கொண்டுபோய்க் காட்டினார். எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் ஊரிலிருந்து வந்த கடிதங்களில் அப்போது செத்தவர்களின் பெயர்கள்தான் இருந்தன.

அந்தக் கோடையில் சிவப்பு ஜக்கெற் ஓடர் வரவில்லை. வழக்கமாக ஆயிரக்கணக்கில் தைப்போம். வியாபாரம் மந்தம் என்றார் முதலாளி. நம்பினோம். வேலை கிழமைக்கு மூன்று நாளானது.

கார்த்திகையில் அக்காவுக்கு ஒரு பார்சல் வந்தது. எப்போதும் இங்கிருந்துதான் அங்கே போகும்; அங்கிருந்து வந்தது அதுதான் முதல். பெருமை தாங்காமல் பக்டரிக்கே கொண்டுவந்து பிரித்தார். உள்ளே சிவப்பு ஜக்கெற். "நானே தைத்தது, குளிருக்குப் போடு" என்று தங்கச்சி எழுதியிருந்தாள். அக்கா அதைத் தோளில் வைத்துச் சிரித்தார்.

அயன் போடுகிற அண்ணைதான் கொலரைப் பிரட்டிப் பார்த்தார். "பிள்ளை, உது எங்கட லேபல் எல்லே?"

எங்கள் முதலாளியின் லேபல். நானே எத்தனை ஆயிரம் தைத்திருப்பேன். இங்கிலீசு வாசிக்கத் தெரியாத தங்கச்சிக்கு அது வெறும் துணித்துண்டு. நாங்கள் வந்து கனடாக்காரரின் வேலையைப் பறிக்கிறோம் என்று பஸ்ஸில் எத்தனை பேர் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பார்கள்! ஆட்கள் நாங்கள் இங்கேயே இருக்க, வேலை எழும்பித் தங்கச்சியின் பக்டரிக்குப் போய்விட்டது.

அக்கா ஜக்கெற்றின் உள்பக்கத்தைப் பிரட்டி, கைக்குழியை விரலால் தடவிக்கொண்டு போனார்.

"நல்லாத் தைச்சிருக்கிறாள்" என்றார்.

அன்றைக்கு அதற்குப் பிறகு அவர் யாரையும் ஏசவில்லை.

மாசியில் பக்டரியை மூடினார்கள். வேலையில்லாதவர் யாரையும் கூப்பிட முடியாது; தங்கச்சியின் பத்திரம் அதோடு நின்றது. கடைசி நாள் தங்கச்சிக்குப் படம் அனுப்ப அக்கா ஒரு கமரா கொண்டுவந்து என்னிடம் தந்தார். ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "கதவில ஒட்டின நோட்டீஸ் தெரியாமல் எடு" என்றார்.

"தங்கச்சிக்கு ஒண்டும் சொல்லேல்லையோ அக்கா?"

"சொன்னால் மெஷினை விட்டு எழும்பிடுவாள். பிறகு ரெண்டு பேருக்கும் வேலையில்லை."

பிறகு கமராவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். நான் பொத்தானை அமத்தினேன். உடனே ஜக்கெற்றைக் கழற்றி என் தோளில் போட்டார். "உன்ர கோட்டு மெல்லிசு." பனிக்குள் வெறும் சுவெற்றரோடு ட்ராம் தரிப்பிடத்துக்கு நடந்து போனார். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை.

போன கிழமை மகள் அதைத் திரும்பவும் எறிகிற பையில் போட்டிருந்தாள். எடுத்து உள்பக்கம் பிரட்டிப் பார்த்தேன். கைக்குழியில் இன்றைக்கும் ஒரு சுருக்கமில்லை.