கொட்டாய்ப் பக்கம் தட்டாத வேப்பமரம்

நிற்கிற மரத்தை அளந்து, வெட்டாமலே உள்ளே எவ்வளவு பலகை தேறும் என்று மரவாடிக்குச் சொல்வதுதான் என் வேலை. இருபது வருடம் இதைச் செய்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. அந்த நேரத்தில்தான் மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்கிற ஏழுமலை வந்து கூப்பிட்டார்.

அவர் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு மூன்று நிலை, மூன்று கதவு வேண்டும். வாசலில் ஒரு வேம்பு நின்றது. அவர் மனைவி அஞ்சலைக்கு அதை வெட்ட மனசில்லை. ஆறு வயதில் காய்ச்சலில் போன மகளுக்கு அந்த மரத்தில்தான் ஊஞ்சல் கட்டியிருந்தார்கள். கடைசியில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். மரம் போதும் என்று நான் சொன்னால் வெட்டுவது, போதாது என்றால் விட்டுவிடுவது.

டேப் போட்டேன். சுற்றளவு ஆறடி, தண்டு பன்னிரண்டடி. சுற்றளவில் கால் பாகம் ஒன்றரை அடி. அதை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கினால் இருபத்தேழு சி.எஃப்.டி., அதாவது கன அடி. அறுப்புச் சேதம் போனாலும் தாராளம். அரிவாளின் பின்பக்கத்தால் மூன்று பக்கம் தட்டினேன், உள்ளே கெட்டி என்று கணீரென்றது. நாலாவது பக்கம் மாட்டுக் கொட்டாயை மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தட்ட வேண்டுமானால் ஓலையைப் பிரிக்க வேண்டும். அனுமந்தையில் எனக்கு இன்னொரு மரம் காத்திருந்தது.

"அந்தப் பக்கம் தட்டலியேங்க," என்றார் அஞ்சலை. "மழை பேஞ்சா அங்கருந்து எறும்பா கொட்டுது."

மரத்தைக் காப்பாற்றச் சாக்கு சொல்கிறார் என்று நினைத்தேன். நான் பார்க்காத மரமா என்று சிரித்துவிட்டு, போதும் என்று ஏழுமலையிடம் சொல்லிவிட்டேன்.

நாலு நாள் கழித்துப் போனபோது மரம் கீழே கிடந்தது. கொட்டாய்ப் பக்கம் அடியிலிருந்து எட்டடிக்கு உள்ளே வெறும் பொந்து. கையை விட்டால் ஈரத்தூள் வந்தது. ஒரு நிலைக்கு மேல் தேறாது. "அளந்தவர் சொன்னார், வெட்டினோம்" என்றார்கள் மரம் வெட்டிய ஆட்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

ஏழுமலை வெட்டிய கிளைகளை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அஞ்சலைதான் கேட்டார்.

"அன்னிக்கே அந்தப் பக்கம் தட்டியிருந்தா, வேணாம்னு சொல்லியிருப்பீங்க, இல்ல?"

"சொல்லியிருப்பேம்மா."

அவர் தலையாட்டிவிட்டு அந்த வெயிலிலேயே உட்கார்ந்துகொண்டார். எனக்கு அங்கே நிற்கவே கூசியது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பக்கம் தட்ட முடியவில்லையா, தெரியாது என்று சொல்லுங்கள். அந்த மரத்தோடு தினமும் இருக்கிறவர் ஒன்று சொன்னால், டேப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். நான் எத்தனையோ கணக்கைத் திருத்தி எழுதியிருக்கிறேன். அந்த வாசலில் மரத்தைத் திரும்ப நிறுத்தித் தர என்னால் முடியவில்லை.