பின்சீட்டிலும் ஒரு ஹேண்டில்பார்

என் வீட்டுக்காரருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கள்ளக்குறிச்சியில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை. கல்வராயன் மலையிலிருந்து பலாவும் கடுக்காயும் இறக்க நீளமாக ஒரு சைக்கிள் செய்தார். அது மலை வளைவில் திரும்ப மறுத்தது. சரி, பின்சக்கரத்தையும் திருப்பிவிடுகிறேன் என்று இறங்கிவிட்டார்.

முதலில் இரண்டு சக்கரத்தையும் கம்பியால் இணைத்தார். முன்னது ஒரு பக்கம் திரும்பினால் பின்னது மறுபக்கம் திரும்பும். வேகம் எடுத்ததும் வண்டி ஆட்டம் கண்டு அவரை முள்வேலியில் தள்ளியது. முழங்கை கிழிந்து வந்தவர், கம்பியை அறுத்துவிட்டு, பின்சீட்டுக்குத் தனியாக ஒரு ஹேண்டில்பார் வைத்தார். அதைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டுமே. கட்டிக்கொண்டவள் ஒருத்தி இருக்கிறாளே!

முன்னால் இருப்பவர் சோத்தாங்கை, பீச்சாங்கை என்று கத்த வேண்டும். பின்னால் இருப்பவர் அந்தப் பக்கம் லேசாகத் திருப்ப வேண்டும். ஜாஸ்தி திருப்பினால் செயின் கழன்றுவிடும். ஒற்றை ஆளாகப் போனால் பின்சக்கரத்தை நேராக நிறுத்த ஒரு போல்ட் உண்டு. இடம் மாறி மாறி ஓட்டினோம். எங்கள் ஊர் வடக்கனந்தலே சிரித்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனால் பிடித்தும் இருந்தது.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த நாட்களில் சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. அப்படி ஒரு காலையில் கரும்புக் கொல்லையில் அவரை நல்ல பாம்பு கடித்துவிட்டது. ஊசி கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில்தான். அவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, துண்டால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டி, மிதிக்க ஆரம்பித்தேன். ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் போல்ட் வீட்டு ஜன்னலில் கிடப்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போக நேரமில்லை. பின்சக்கரம் அவர் கையில். அவர் கண்களோ சொருகிக்கொண்டிருந்தன.

முதல் மரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சந்து. "சோத்தாங்கை, கம்மியா!" என்றேன். சக்கரம் திரும்பியது. மூச்சு வந்தது.

அடுத்த மரத்தின் மேல் கோடாலிகளோடு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். "எந்த ஊரு? எந்தத் தெரு?" என்றார் ஒருவர். தெருவைக் கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"நல்ல பாம்பு கடிச்சிட்சிங்க. கண்ணு சொருவிக்கினே போவுது."

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தவர் மறுபடி தெருவைக் கேட்கவில்லை. "கெளய வெட்டுங்கடா" என்று கத்தினார். "எறங்கும்மா, நான் மெதிச்சிக்கினு போறேன்."

"இத எங்க ரெண்டு பேர வுட்டா யாராலயும் ஓட்ட முடியாதுங்க."

வெட்டிக் கொடுத்த கோணல் வழியில் நெளிந்து வெளியே வந்தோம். அதற்குப் பிறகு அவர் தலை என் முதுகில் விழுந்தது. எனக்கு மரியாதையெல்லாம் பறந்துபோனது. "யோவ், தூங்காதய்யா! பீச்சாங்கை! என்னைத் தனியா வுட்டுட்டுப் போயிடாதய்யா! சோத்தாங்கை!" திட்டினேன், அழுதேன், மிதித்தேன். ஒவ்வொரு தரமும் சக்கரம் திரும்பியது. அது திரும்பும்வரை அவர் இருக்கிறார். எனக்கு அது ஒன்றுதான் கணக்கு.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் விரல்கள் ஹேண்டில்பாரை விடவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

பிழைத்துக்கொண்டார். பேச்சு திரும்பியதும், வழியெல்லாம் நான் கத்தியதைச் சொன்னேன்.

"கத்துனியா?" என்றார். "எனக்கு ஒண்ணுமே கேக்கல. காதுல தண்ணி பூந்தாப்ல இருந்திச்சி."

"அப்ப எப்டிங்க திருப்புனீங்க?"

"ஒன் முதுவு சாஞ்ச பக்கம் கையும் போயிக்கினு இருந்திச்சி."

கத்திக் கத்தி எனக்கு இன்னும் தொண்டை கட்டியிருந்தது. கட்டிலில் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சோத்தாங்கைப் பக்கம் லேசாகச் சாய்ந்து பார்த்தேன்.