படம் அசையாமல் நின்றபோது

உறுதியாகத் தெரிந்ததை மட்டுமே எழுதுகிறேன். அரைநாள்கூடப் பழகாத ஒருவரைப் பற்றி ஊகித்து எழுதுவது முறையன்று.

மீயொலி ஸ்கேன் கருவியால் வயிற்றின் ஆழ்தசையைப் பார்த்து மதிப்பிட, இயன்முறை மருத்துவர்களுக்குப் பினாங்கில் நடந்த பயிற்சியின் இறுதித் தேர்வு அது. முதுகுவலிக்காரனாகிய நான் மாதிரி நோயாளியாகப் படுத்திருந்தேன். தேர்வுக்கு வந்தவர் நரையோடிய, உயரமான பெண்மணி. எதிர்க்கரையிலுள்ள பிறை நகரிலிருந்து பாலத்து நெரிசலைக் கடந்து வந்ததாகவும், முன்பே ஒருமுறை தவறியதாகவும், இன்று தவறினால் இனி வாய்ப்பில்லை என்றும் அவரே சொன்னார்.

"அண்ணே, மூச்ச அடக்காம வயித்த மெதுவா உள்ள இழுங்க."

அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவர் தம் மூச்சை அடக்கித் தம் வயிற்றை உள்ளிழுத்தார். என் வயிற்றில் கருவியை வைத்திருந்த கை இறுகியது, திரையில் படம் நழுவியது. மீண்டும் சொன்னார், மீண்டும் நழுவியது.

"நான் மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் அக்கா. நீங்க விடுங்க லா," என்றேன்.

"பேஷண்ட் வாய மூடணும் லா!" என்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் கை தளர்ந்தது. படம் அசையாமல் நின்றது.

தேர்வை நடத்தியவர் திரையருகே குனிந்தார். "நல்ல படம். ஆனா பேஷண்ட் சொல்லிக் குடுத்தா எப்படி மார்க் போடறது?"

பெண்மணி என்னைப் பார்த்தார். அவர் பதில் சொல்வதற்குள் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அவர் தேர்ச்சி பெற்றாரா என்பது எனக்குத் தெரியாது.