பனிமலைக்கு அனுப்பிய ஆள்

ஆராய்ச்சிப் பயணத்துக்கு ஏற்பாடு செய்வது என்பது, ஓர் ஆள் என்னென்ன விதத்தில் சாகலாம் என்று முன்கூட்டியே உட்கார்ந்து யோசிக்கிற வேலை. யாரையாவது அனுப்பிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு இது புரியும்.

அறுபதுகளில், வேலைநிறுத்தம் நடத்திய என்னைத் திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனியும் சேர்க்கவில்லை. அவிநாசிக்காரரான ஒரு கல்லூரி ஆசிரியர் கூப்பிட்டார். இமயமலையில் ஒரு பனியாறு வருஷா வருஷம் உருகிப் பின்வாங்குகிறதாம். பாறையில் போட்ட பழைய பெயிண்ட் குறியிலிருந்து எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று அளக்க வேண்டும். சாமான் பட்டியலும் ஆள் ஏற்பாடும் என் பொறுப்பு. ஆயிரம் பேரைத் தெருவில் இறக்கியவனுக்கு ஆறு பேர் பெரிதா என்று நினைத்தேன்.

ஒரே கயிறு

சுமை தூக்கப் பழனிச்சாமி பெயரை எழுதினேன். நிட்டிங் மிஷின் ஓட்டியவன். என் பேச்சைக் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கி வேலை இழந்தவன். பிழைப்புக்கு வழி காட்டிவிட்டேன் என்று பெருமை எனக்கு. ஆசிரியர் வரைபடத்தை விரித்து, அங்கே மேலே பனி மூடிய பிளவுகள் இருக்கும், கால் வைத்தால்தான் தெரியும், ஆறு பேரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும் என்றார். கூட வந்திருந்த பழனிச்சாமி சிரித்தான்.

“ஏனுங்க தோழர், எல்லாரும் ஒண்ணா நிக்கோணும்னு கம்பெனி கேட் மீட்டிங்ல தொண்ட வறளப் பேசுனீங்களே, இவுங்க கயிறு போட்டே கட்டிப்போடறாங்க பாருங்க!”

ஐஸ் பேக்டரி

உள்ளே போடப் பருத்திப் பனியனே போதும் என்று அடித்துச் சொன்னேன். ஊர்ப் பெருமை! சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார் ஆசிரியர். பழனிச்சாமி அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஐஸ் பேக்டரியைச் சுற்றிச் சுற்றி நடந்து, வியர்வை சொட்டச் சொட்ட, ஐஸ் அடுக்கும் அறைக்குள் போனான். கால்மணி நேரம் இருக்க வேண்டும். வெளியே கடிகாரத்தோடு நான். பாதி நேரத்திலேயே உள்ளிருந்து அவன் குரல் கொடுப்பது நின்றுவிட்டது. கதவைத் திறந்தால், உதடு நீலம். பனியன் நனைந்து நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. கதவைத் தட்டக்கூட அவனுக்குக் கை எழும்பியிருக்கவில்லை. வெயிலில் கிடத்தித் தேய்த்தோம். பட்டியலில் பருத்தியை அடித்துவிட்டுக் கம்பளி என்று எழுதினேன். பேக்டரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

“அங்க கதவு எங்கீங்க இருக்குது, தொறந்து உடறதுக்கு?”

கையெழுத்து

புறப்படும் முந்தின நாள் ஒரு காகிதம் வந்தது: உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் யாரும் பொறுப்பல்ல. இதே வாசகம் இருந்த காகிதத்தைக் கம்பெனி வாசலில் கிழித்தெறிந்தவன் நான். கையெழுத்துப் போடாதே என்றேன். வேறு வேலை வாங்கித் தருவீங்களா என்று பழனிச்சாமி கேட்டான். அவன் மனைவி சரசு, என் முகத்தைப் பார்க்காமல் அவனிடம் சொன்னாள்:

“போட்டுக் குடுங்க. வேலைய உட்டு நிறுத்துனப்ப மட்டும் ஆருங்க பொறுப்பு ஏத்துக்கிட்டாங்க?”

பனியில் கருகிய இரண்டு கால்விரல்களை அங்கேயே விட்டுவிட்டுப் பழனிச்சாமி திரும்பியபோது, ஆள் தப்பினானே என்று நிம்மதிப்பட்டேன். மிஷினில் கை போன ஒவ்வொரு தடவையும் முதலாளிகள் எங்களிடம் சொன்னதும் அதுதான்.