தங்கையன் பிளாஸ்டிக் போட்ட பத்துப் படங்கள்

ஓர் ஊரில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது ஊர்த் தலைவருக்குத் தெரியாமல் போகலாம். ஜெராக்ஸ் கடைக்காரனுக்குத் தெரியாமல் போகாது. அதிராம்பட்டினத்தில் பதினெட்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். பட்டா, பத்திரம், கல்யாணப் பத்திரிகை, விவாகரத்து நோட்டீஸ் எல்லாம் என் கையைத் தாண்டித்தான் போகும். இத்தனை பேரில் என் லேமினேஷன் மெஷினுக்குச் சோறு போட்டவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், அது தங்கையன்தான்.

ஊருக்கு மேற்கே கடைமடையில் இரண்டு ஏக்கர் சொந்தமும் மூன்று ஏக்கர் குத்தகையுமாக நெல் போடுகிறவர். ஐம்பத்திரண்டு வயது. வாயைத் திறந்தால் சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும். ஆனால் யாரோடும் சண்டை போட்டதில்லை. கஜா புயலில் தென்னை விழுந்து அவர் வீட்டுக் கூரை பிரிந்தது. டிரங்குப் பெட்டியில் இருந்த காகிதமெல்லாம் ஊறிக் கூழாகிவிட்டன. பட்டா, சாதிச் சான்றிதழ், மூத்த மகன் சேரனின் மார்க் ஷீட், எதுவும் மிஞ்சவில்லை. நகல் வாங்க எட்டு மாதம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். "நான்தான் தங்கையன்னு எழுதித் தரச் சொல்லி நாலு பேர்கிட்ட நின்னேன் பாய்" என்று ஒருநாள் சொன்னார். அன்று அவர் குரலில் சண்டையே இல்லை.

அதிலிருந்து கையில் கிடைக்கிற காகிதத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் போட ஆரம்பித்தார். சான்றிதழ் சரி. மாட்டுக்குத் தடுப்பூசி போட்ட சீட்டுக்கும், கரண்ட் பில்லுக்கும்கூடப் போட்டார்.

"கரண்ட் பில்லுக்கு எதுக்குங்க?" என்றேன்.

"உங்களுக்கு என்ன பாய், அது நனைஞ்சு போனா நீங்களா வந்து கட்டுவீங்க?"

வருகிற வியாபாரத்தை வேண்டாம் என்பானேன். போட்டுக் கொடுத்தேன்.

அவர் மகள் சுடர்விழி, பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அண்ணன் சேரன் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பிப் படிக்க வைக்கிறான். அவள் எடுத்த பாடங்களில் ஓவியமும் ஒன்று. அதில் பரீட்சை எழுதினால் மட்டும் போதாது. வருஷம் முழுக்க வரைந்ததில் பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்காகப் போட்ட பென்சில் குறிப்புகளோடு ஒரு பெரிய பையில் வைத்து, பிராக்டிகல் அன்று வெளியூரிலிருந்து வரும் தேர்வாளரிடம் காட்ட வேண்டும். போர்ட்ஃபோலியோ என்கிறார்கள். அது இல்லையென்றால் அந்தப் பாடத்தில் பெயில். சுடர்விழிக்கோ கும்பகோணத்தில் கவின்கலைக் கல்லூரியில் சேர வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

பத்துப் படம்தானே என்று முதலில் நானும் நினைத்தேன். ஒரு படம் உருப்பட ஏழெட்டுப் படம் கிழிபடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தத் தடித்த தாள் இங்கே கிடைக்காது. தஞ்சாவூரிலிருந்து நான்தான் வரவழைத்துக் கொடுத்தேன். வண்ணம் தீரும், தூரிகை தேயும், மறுபடி தாள் தீரும். ஒரு தூரிகையின் விலையைக் கேட்டுவிட்டு, "இந்தக் காசுக்கு நடவுக்கு ஒரு ஆள் வருமே பாய், இதென்ன யானை முடியா?" என்றார் தங்கையன். கேட்டுவிட்டு இரண்டாக வாங்கிக்கொண்டு போனார். வீட்டில் அவர் மனைவி நீலாம்பாளின் பாடு தனி. ஒரு பூசணிக்காயும் பித்தளைக் குடமும் பத்து நாள் ஜன்னலோரம் கொலு இருந்தன. யாரும் தொடக் கூடாது. "வீட்டுல காய் இருக்கு, குழம்புக்குக் காய் இல்ல" என்று சொல்லிச் சிரித்தார் அந்த அம்மா. மகள் விடியற்காலையில் எழுந்து ஸ்கூல் வேன் வரும்வரை வரைந்தாள். ஞாயிறு என்றால் குளிப்பதுகூட மத்தியானம்தான்.

ஜனவரி கடைசி. பிராக்டிகலுக்கு ஆறு நாள் இருந்தது. பத்துப் படமும் முடிந்துவிட்டன. கடலில் காற்றழுத்தத் தாழ்வு, மூன்று நாள் கனமழை என்று செய்தியில் சொன்னார்கள். அந்த வியாழக்கிழமை காலை, மகள் பள்ளிக்குப் போன பிறகு, உரச் சாக்கில் எதையோ சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி தங்கையன் கடைக்கு வந்தார். பிரித்தால் போர்ட்ஃபோலியோ.

"பத்துக்கும் போட்டுடுங்க பாய். சாயங்காலம் அவ வர்றதுக்குள்ள."

"பொண்ணு சொல்லிச்சா?"

"சொல்லல. பாத்தா சந்தோஷப்படுவா."

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். முதலில் போனது மெழுகு வண்ணத்தில் போட்ட படம். சூட்டில் ஓரமாக உருகி, லேசாகப் பரவி வெளியே வந்தது. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் மற்ற ஒன்பதும் பளபளவென்று வந்தன. பூசணிக்காய் இப்போதுதான் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த மாதிரி மின்னியது. "இனி எந்தப் புயல் வேணா வரட்டும்" என்றார் தங்கையன். ஏ3 உறை, பத்துக்கும் முழு விலை வாங்கினேன். இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை கடை திறந்ததும் சுடர்விழி வந்தாள். பத்தடி பின்னால் தங்கையன்.

"மாமா, இதைப் பிரிக்க முடியுமா?"

பிளேடால் ஒரு மூலையைக் கிளப்பினேன். பூசணியின் மஞ்சள் அப்படியே பிளாஸ்டிக்கோடு வந்தது. அடியில் வெள்ளைத் தாள். இன்னும் கொஞ்சம் கிளப்பினேன். குடத்தின் கழுத்தும் வந்துவிட்டது.

"போதும் மாமா" என்றாள். என் கடையிலிருந்தே ஓவிய ஆசிரியை அஃப்ரீனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"விதிமுறையிலயே இருக்கு சுடர், லேமினேட் பண்ணா எடுத்துக்க மாட்டாங்க" என்றார் டீச்சர். "கையால போட்டதா, பிரிண்ட் எடுத்ததான்னே தெரியாது. பென்சில் குறிப்பெல்லாம்?"

"அது இருக்கு டீச்சர். அப்பா அது வெறும் ரஃப் நோட்டுன்னு விட்டுட்டாங்க."

"அப்பப் பரவால்ல. பத்து வேணாம், ஆறு கொண்டா. ஆறுக்குக் குறைஞ்சா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. புதன்கிழமை வரைக்கும் ஸ்கூலுக்கு வர வேணாம், நான் சொல்லிக்கிறேன்."

ஒரு வருஷ உழைப்பு. அந்தப் பெண் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. தங்கையன் கடைப் படியேறி வந்து, "தப்புப் பண்ணிட்டேன்மா" என்றார். ஒரு தகப்பன் மகளிடம் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவள் அவர் பக்கம் திரும்பாமல், "தாள் எத்தனை இருக்கு மாமா?" என்று என்னிடம் கேட்டாள்.

எட்டு இருந்தது. அத்தனையும் கொடுத்தேன். தங்கையன் பணத்தை நீட்டினார். "வச்சுக்கங்க. பாவத்துல எனக்கும் பாதி உண்டு" என்றேன்.

அந்த ஐந்து நாளும் மாலை அஸர் தொழுகை முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவேன். சொன்ன மழை வரவில்லை. நாலு தூறலோடு சரி. வயலில் அறுப்பு. பழைய பத்தில் ஒன்று நீலாம்பாள் உட்கார்ந்திருக்கிற படம். இப்போது அந்த அம்மா வயலில் நிற்க வேண்டியிருந்தது. அதனால் தங்கையன் உட்கார்ந்தார். நாற்பது வருஷமாகச் சேற்றில் நின்ற மனிதரை ஸ்டூலில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? ஈ வந்தால் கை போகும், மாடு கத்தினால் தலை போகும்.

"அசையாதீங்கப்பா."

"நான் எங்கம்மா அசைஞ்சேன். மூச்சுதான் விட்டேன்."

அந்த ஐந்து நாளில் அவள் அவரிடம் பேசியது 'அசையாதீங்கப்பா' என்ற அந்த ஒரு வார்த்தைதான். ஞாயிற்றுக்கிழமை அறுவடை மெஷின் வந்தது. டிரைவர் போனில் கூப்பிட்டார். தன் நெல்லை இன்னொருவர் பார்த்து அறுக்க விட்டதில்லை இந்த மனிதர். "என் வீட்டுக்காரி அங்க நிக்கிறா, நீ அறு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இன்னொன்றும் கவனித்தேன். தண்ணீர் மாற்றுவார், தூரிகை கழுவுவார், டீ போட்டுக் கொடுப்பார். தாளை மட்டும் தொடவே மாட்டார். ஒருநாள் காற்றில் ஒரு படம் பறந்து அவர் காலடியில் விழுந்தது. சட்டென்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "பாய், அதை எடுத்துக் குடுங்க" என்றார். சுடர்விழியும் அதைப் பார்த்தாள். என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு படமும் முடிந்தன. முன்னதைவிட இது பிரமாதம் என்று சொன்னால் பொய். பூசணிக்காய் அதற்குள் குழம்பாகிவிட்டதால் குறிப்பைப் பார்த்துத்தான் போட்டாள். பழையதைவிட ஒரு மாற்றுக் குறைவுதான். மற்ற நாலு சுமார். தகப்பனார் உட்கார்ந்திருந்த படம் மட்டும் வேறு மாதிரி வந்திருந்தது. முழங்கால் மேல் இரண்டு பெரிய கைகள், எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்த மாதிரி.

புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டு நானும் அவர்களோடு பஸ் ஏறினேன். பை சுடர்விழி தோளில். தங்கையன் இரண்டடி தள்ளியே நடந்தார். அவள் உள்ளே போனதும் பள்ளிக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். மூன்று மணி நேரம்.

"எடுத்துக்குவாங்களா பாய்?"

"ஆறு இருக்குல்ல, எடுத்துக்குவாங்க."

"எடுத்துக்கலன்னா அவளுக்கு ஒரு வருஷம் போயிடும். என் காயிதம் எட்டு மாசத்துல திரும்பி வந்துச்சு. அவ வருஷத்தை எந்த ஆபீஸ்ல போய்க் கேக்கறது?"

இன்னொரு டீ சொன்னேன்.

ஒரு மணிக்கு மேல் சுடர்விழி வெளியே வந்தாள். கூடவே அஃப்ரீன் டீச்சர். "எடுத்துக்கிட்டாங்க, ஆறையும்" என்றார் டீச்சர், தெருவைத் தாண்டுவதற்கு முன்பே. "உங்க படத்தைத்தான் எக்ஸாமினர் ரொம்ப நேரம் பாத்தாரு. இவரு யாருக்காக இப்படி உக்காந்திருக்காருன்னு கேட்டாரு."

"நீ என்னம்மா சொன்ன?" என்றேன் நான்.

"எனக்காகன்னு சொன்னேன்."

அப்போதுதான் தூற ஆரம்பித்தது. பையை வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய், தோளிலிருந்து அதைக் கழற்றித் தகப்பனாரிடம் நீட்டினாள்.

"நனையாம கொண்டாங்கப்பா."

தங்கையன் இரண்டு கையையும் வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினார். சட்டையைக் கழற்றிப் பையின் மேல் சுற்றி, வெற்று முதுகில் மழை விழ விழ, பஸ் ஸ்டாப் வரைக்கும் எங்கள் இருவருக்கும் முன்னால் நடந்துபோனார்.